அரைக் கட்டை இறங்கிய மாலை

மூன்று வருடத்துக்கு முந்தைய பங்குனி மாதம். பெரம்பலூர்ப் பக்கம் ஒரு கல்லூரியின் ஆண்டு விழா. ஆறு மணிக்கு எங்கள் ராக் இசைக்குழு மேடையேற வேண்டும். நான்கு மணிக்கே என் கால்கள் நிலைகொள்ளவில்லை. மைக்கைத் தொடுவேன், வயரைத் தொடுவேன், மேடை ஓரம் வரை போய் வெயிலைப் பார்த்துவிட்டுத் திரும்புவேன்.

நாங்கள் நாலு பேரும் அரியலூர். சிமென்ட் ஆலையில் வேலை. விடுமுறையில் கிட்டார், கீபோர்டு, டிரம்ஸ். இரண்டு வருடமாக ஒரு மேடையும் கிடைக்கவில்லை. இதுவும் சொதப்பினால் குழுவைக் கலைத்துவிடலாம் என்று பேசி வைத்திருந்தோம். கைவசம் ஒரே ஒரு புதுப் பாட்டு. சுபபந்துவராளி ராகத்தை எடுத்து, அதில் கிட்டாரை உறும விட்டிருந்தேன். ராக்குக்குள் கர்நாடக சங்கீதத்தைக் கொண்டுவந்துவிட்டேன் என்று எனக்கு ஒரே மிதப்பு.

நடுவில் நாதஸ்வரம் வர வேண்டும் என்று ஜெயங்கொண்டத்திலிருந்து ஒரு பெண் கலைஞரை அழைத்திருந்தேன். கோயில், கல்யாணம் என்று வாசிப்பவர், முப்பது வயதிருக்கும். ஸ்வரங்களை எழுதி போனில் அனுப்பியபோது, "எத்தனை கட்டை சுருதிங்க சார்?" என்று கேட்டார். "அதெல்லாம் மேடையில பாத்துக்கலாங்க" என்றேன்.

ஒத்திகையில் அவர் ஊதிய முதல் ஸ்வரத்திலேயே தெரிந்துவிட்டது. அவருடைய குழல் இரண்டரைக் கட்டை, நாங்கள் மூன்று. அந்த அரைக் கட்டை வித்தியாசம் காதுக்குள் மணலாக அரைத்தது.

"குவாரி லாரி ரெண்டு ஒண்ணா ஹாரன் அடிக்குதுண்ணே" என்றான் எங்கள் டிரம்ஸ்காரன்.

அவர் குழலின் வாயில் செருகியிருந்த சீவாளியை மாற்றி ஊதிப் பார்த்தார். சுருதி மயிரிழை ஏறியது, அதற்கு மேல் ஏறவில்லை. துளை போட்ட மரம், அது எங்கே நகரும்?

பதற்றத்தில் நான் சொன்னது இன்றும் சுடுகிறது. "கீபோர்டுலயே நாதஸ்வரச் சத்தம் இருக்குங்க. நீங்க சும்மா வாயில வச்சுக்கிட்டு நில்லுங்க, போதும்."

அவர் குரலை உயர்த்தவில்லை. சீவாளியைக் கழற்றித் துடைத்தபடியே, "பொம்மையா நிக்கணும்னா கொலு வச்ச வூட்டுக்குப் போயிருப்பேனே சார்" என்றார். குழலைப் பைக்குள் வைத்தார். ஜிப்பை இழுக்கப் போனவர், என் கிட்டாரின் தலைப்பக்கத்தைப் பார்த்து நிறுத்தினார்.

"அந்த ஆறு திருகு எதுக்கு சார் இருக்கு? எனக்கு ஒண்ணுகூட இல்ல. இருக்கறவங்கதான எறங்கி வரணும்?"

டிரம்ஸ்காரன் தலையைக் குனிந்துகொண்டான், சிரிப்பை மறைக்க. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். ஐந்தே கால். இப்போது தளர்த்திய கம்பி மேடையில் சுருதி நழுவினால் மானம் போகும். ஆனாலும் உட்கார்ந்தேன். கீபோர்டு ஒரு பொத்தானில் அரைக் கட்டை இறங்கிவிட்டது; நான் ஒவ்வொரு கம்பியாகத் தளர்த்தினேன். அவர் பையிலிருந்து குழலை எடுத்து, தன் ஆதார ஸ்வரத்தை ஊதிக்கொண்டே நின்றார், ஆறாவது கம்பி வந்து சேரும் வரை.

ஆறு மணிக்கு ஆரம்பித்தோம். தளர்ந்த கம்பிகள் விரலுக்கு வளைந்தன. இத்தனை நாள் இழுத்து இழுத்து விரல் வலித்தும் வராத கமகம், ஸ்வரத்தின் அந்த அசைவு, அன்று தானாக வந்தது. நான் ராகம் என்று தூக்கி வந்தது வெறும் ஏழு ஸ்வரங்களை; ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு அது போகும் நடையை அவர் முன்னால் ஊதிக் காட்டிக்கொண்டே போனார், நான் பின்னால் ஓடினேன். விசிலடித்துக்கொண்டிருந்த மாணவர்கள் அடங்கி, முடிவில் மறுபடி வாசிக்கச் சொல்லிக் கத்தினார்கள்.

மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் அவர் பையைத் தோளில் மாட்டிவிட்டார். "பஸ் போயிடும். போயிட்டு வரேன் சார். அடுத்த தடவ சுருதிய மொதல்ல சொல்லிடுங்க."

குழு கலையவில்லை. கிட்டாரை நான் மறுபடி ஏற்றவுமில்லை. இரண்டரைக் கட்டையிலேயே இருக்கிறது. இப்போதும் வீட்டிலோ ஆலையிலோ யாரிடமாவது என் குரல் உயரும்போது, தளர்த்த என்னிடம் எந்தத் திருகு இருக்கிறது என்று விரல்கள் தேடத் தொடங்கிவிடுகின்றன.