கமலாட்சி நிறுத்திய பக்கம்

அம்மா கமலாட்சி பர்மாவில், யாங்கூன் நகரின் தின்கன்ஜூன் பகுதியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தார். யாங்கூனைத் தாண்டிப் போனதில்லை. ஆனால் டிரினிடாட் தீவுப் பிள்ளைகளைப் பற்றிப் பதினோரு கதைகள் எழுதினார்.

மூலம் ஓர் ஆங்கிலப் புத்தகம். கப்பலில் வேலை பார்த்த அப்பா டிரினிடாடில் வாங்கியது. அம்மா அகராதியை வைத்துக்கொண்டு தமிழில் சொல்லி, பர்மிய எழுத்தில் எழுதினார். எங்கள் தெருப் பிள்ளைகளுக்குத் தமிழ் கேட்டால் புரியும், படிக்க வராது. கடையில் வீணான தாள்களின் பின்புறத்தில் பிரதி எடுத்து வீடுவீடாகக் கொடுப்பார்.

அவர் கதைகளில் டிரினிடாட் பிள்ளைகள் காலையில் எங்களைப் போலவே மொகிங்கா என்ற மீன்குழம்பு நூடுல்ஸ் சாப்பிட்டார்கள். வெயிலுக்காகக் கன்னத்தில் தனகா மரப்பட்டைச் சாந்து பூசிக்கொண்டு பள்ளிக்குப் போனார்கள்.

"அங்க தனகாவே கிடையாதும்மா."

"வெயில் இருக்குல்ல? அப்புறம் எதப் பூசுவாங்களாம்?"

நான் சிங்கப்பூரில் லிஃப்ட் பழுதுபார்க்கிறேன். செப்டம்பரில் அம்மா போன் செய்தார். பன்னிரண்டாவது கதையில் சிக்கல். அதில் வெளிநாட்டில் வேலை பார்க்கும் தாய் மகளுக்கு வருடந்தோறும் ஒரு பீப்பாய் நிறையச் சாமான் அனுப்புகிறாள். இந்த வருடம் தானே வருவதாகச் சொல்லியிருக்கிறாள். மகள் துறைமுகத்தில் நிற்கிறாள்.

"புத்தகத்துல பீப்பாய் மட்டுந்தான் வருது. எதிர்வீட்டுக் கலாவோட அம்மா மலேசியாவுல இருக்கா. அந்தப் புள்ள படிக்குமே. அம்மா வந்துட்டான்னு மாத்திடவா?"

"உள்ளபடி எழுதும்மா."

"தனகாவ மாத்தினேனே?"

"அது வேற."



"சரி, நீ தீபாவளிக்கு வர்றியா?"

"லீவு இல்லம்மா. பார்சல் அனுப்புறேன்."

"ம். அனுப்பு."

அக்டோபரில் அம்மாவுக்கு மாரடைப்பு. நான் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பார்சல் எனக்கு முன்பே வந்து, பிரிக்காமல் கட்டிலடியில் இருந்தது. நோட்டில் கதை துறைமுகத்தோடு நின்றிருந்தது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தபின் ஒன்பது வயதுக் கலா வந்தாள்.

"அக்கா, அந்தப் பொண்ணோட அம்மா வந்தாங்களா இல்லையா? பெரியம்மா பாதி சொல்லி விட்டுட்டாங்க."

உள்ளபடி சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"நீ என்ன நினைக்கிற?"

"வந்திருக்க மாட்டாங்க. லீவு கிடைச்சிருக்காது." யோசித்தாள். "ஆனா போன் பண்ணாங்கன்னு எழுதுங்க. தினமும்."

நோட்டை எடுத்தேன். பீப்பாய் வந்தது, அம்மா வரவில்லை, தினமும் போன் செய்தாள் என்று பர்மிய எழுத்தில் எழுதினேன். கலா பக்கத்தில் நின்று எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

அந்தக் கதை நடக்கும் காலத்தில் அந்த ஊரில் போன் கிடையாது. நான் திருத்தவில்லை.