பரீட்சைக்குப் பிடித்து வைத்த வாய்

பல் மருத்துவக் கல்லூரியில் இறுதி ஆண்டுக்கு வந்துவிட்டால் மாணவர்களுக்கு மனிதர்களின் முகம் தெரியாது, வாய்தான் தெரியும். பேருந்தில் எதிர் இருக்கைக்காரர் கொட்டாவி விட்டால்கூட உள்ளே எட்டிப் பார்ப்பார்கள். அந்த வருஷம் இறுதி ஆண்டில் இருந்த அவளும் அப்படித்தான் ஆகியிருந்தாள். கடைசிப் பரீட்சைக்குப் பல்லே இல்லாத ஒருவரைத் தானே தேடி அழைத்து வந்து, பரீட்சகர் கண்ணெதிரே முழுப் பல்செட்டுக்கான வேலையைச் செய்து காட்ட வேண்டும். ஆள் வராவிட்டால் பரீட்சையே இல்லை. வந்தவர் மெழுகை வாயில் வைத்ததும் ஓங்கரித்தால் அதோகதிதான்.

அப்படி அவள் அலைந்துகொண்டிருந்தபோதுதான் ஏலக்காரர் வந்து அவள் நாற்காலியில் உட்கார்ந்தார். காய்கறி மண்டியில் மூட்டைகள் மேல் ஏறி நின்று ஏலம் கூவுகிறவர். ஈறு நோயில் பற்களெல்லாம் ஆட்டம் கண்டு, பிடுங்கி, புண்ணும் ஆறியிருந்தது. உறுதியான, மேடான ஈறு. எதை உள்ளே வைத்தாலும் சிலை மாதிரி இருந்தார்.

"நமக்கு வாய்தான் டாக்டரம்மா பொழப்பு" என்றார். "இப்ப முப்பத்தஞ்சுன்னு கூவுனா முப்பத்தெட்டுன்னு கேக்குதாம். நேத்து ரெண்டு பேரு சட்டையைப் பிடிச்சுக்கிட்டாங்க. பல்லு எப்பம்மா வரும்?"

"ஒரு மாசத்துல போட்டு அனுப்பிடறேன்யா."

சொல்லும்போது அவள் மனதில் கள்ளம் இல்லை; பரீட்சைக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் இருந்தாள். அளவெடுத்து அச்சும் வார்த்துவிட்டாள். அந்த அச்சைக் கையில் வாங்கிப் பார்த்த சீனியர் அக்காதான் சொன்னாள்: "ஏய், இந்த மாதிரி ஈறு எங்கடி கிடைக்கும்? முடிச்சுக் குடுத்துட்டா அந்த மனுஷன் இந்தப் பக்கம் தலைவச்சுப் படுப்பாரா? பரீட்சை வரைக்கும் பிடிச்சு வை. எல்லாரும் செய்யறதுதானே."

பரீட்சைக்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது. அவள் அச்சைத் துணியில் சுற்றித் தன் அலமாரியில் வைத்துப் பூட்டினாள். ஏலக்காரர் போன் செய்தபோது, "லேப்ல ஒரே கூட்டம்யா, கொஞ்சம் பொறுத்துக்கங்க" என்றாள். அந்த முதல் பொய்க்கு நாக்கு தடுமாறியது. அடுத்தடுத்து வந்தவை வழுக்கிக்கொண்டு வந்தன. ஒரு தடவை அவருடைய மனைவியே நேரில் வந்து வெளிநோயாளிப் பிரிவு வாசலில் நின்றார். "இந்த மனுஷன் கஞ்சியும் ரசமுமா குடிச்சுக் குடிச்சு பாதியா எளைச்சுட்டாரு. சீக்கிரம் பாத்துக் குடு தாயி" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கை சொரசொரவென்றிருந்தது. அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் அலமாரியைத் திறக்கவில்லை.

பரீட்சை நாளில் ஏலக்காரர் சவரம் செய்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார். வேலை வெண்ணெயாகப் போனது. மெழுகில் பற்களை வரிசையாகப் பதித்து அவர் வாயில் பொருத்தியதும், வெளியூரிலிருந்து வந்திருந்த பரீட்சகர் குனிந்து பார்த்துவிட்டு, "பிரமாதம்" என்றார். பிறகு, "பல் எடுத்து ரொம்ப நாளாச்சு போலிருக்கே? ஏன் இவ்வளவு தாமதம்?" என்று கேட்டார்.

அவள் குனிந்து கருவித் தட்டை ஒழுங்குபடுத்தினாள். ஏலக்காரர்தான் முந்திக்கொண்டார். "லேப்ல கூட்டமுங்க. இந்தப் பொண்ணு பாவம், அது என்ன பண்ணும்? தங்கமான பொண்ணு. பாத்து மார்க்கு போடுங்க."

பரீட்சகர் சிரித்தார். அவளும் சிரிக்க வேண்டியிருந்தது.

தேர்வு முடிவு வந்த அன்று அம்மாவுக்குப் போன் செய்தாள். "பாஸாயிட்டேம்மா."

"பின்ன ஏன்டி குரலு எழவு விழுந்த மாதிரி இருக்கு?"

"தொண்டை கட்டியிருக்கும்மா" என்றாள். பொய் சொல்வதுதான் இப்போது கைவந்த கலையாகிவிட்டதே.

பல்செட்டை மாட்டிக்கொள்ள ஏலக்காரர் மனைவியோடு வந்தார். கண்ணாடியைக் கையில் வாங்கி, உதட்டை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டார். "பாத்தியா, மாப்பிள்ளை மாதிரி இருக்கேன்" என்று மனைவியைப் பார்த்துக் கண்ணடித்தார்.

"ஆமா, மாப்பிள்ளை. இந்த மூஞ்சி முன்னாடியே வந்திருந்தா எடம் போயிருக்குமா?" என்றார் அந்த அம்மாள். மண்டிக்காரர் போன மாதமே வேறு ஆளை மூட்டை மேல் ஏற்றிவிட்டதாகவும், இவர் இப்போது கீழே நின்று சாக்கு தைப்பதாகவும் அவர் சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது.

அவள் கையுறையைக் கழற்றினாள். "லேப்ல கூட்டமே இல்லைங்கய்யா" என்றாள். "அச்சு என்கிட்டதான் இருந்துச்சு. பரீட்சைக்கு நீங்க வராம போயிடுவீங்களோன்னு நான்தான் வேலையைப் பண்ணாம வச்சிருந்தேன்."

அந்த அம்மாள் வாயைத் திறந்தார். ஏலக்காரர் கையமர்த்தினார். கண்ணாடியைக் கவிழ்த்து மடியில் வைத்தார்.

"கழட்டி மாட்டற சாமான்தானேம்மா இது?" என்றார். "செஞ்சு குடுத்துட்டு, பரீட்சையன்னிக்குக் கழட்டி வச்சுட்டு வாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஓடி வந்திருப்பேனே."

கண்ணாடியை அவள் கையில் கொடுத்துவிட்டுக் கணவனும் மனைவியும் எழுந்து போய்விட்டார்கள். பல்செட் உராயும் இடத்தைத் தேய்த்துச் சரிசெய்ய அவர் மறுபடி வந்தபோது, கோடி நாற்காலியில் வேறொரு மாணவனிடம் போய் உட்கார்ந்துகொண்டார். பாஸான பிறகு பயிற்சி மருத்துவராக அங்கேயே இருந்த அவள் இந்தக் கோடியிலிருந்து பார்த்துக்கொண்டே யாருக்கோ பல்லில் கறை சுரண்டினாள். "மெதுவாம்மா, ஈறு எனக்கு வேணும்" என்று அந்த ஆள் முனகினார்.

அந்த வாரமே விடுப்புப் போட்டுவிட்டு அவள் மண்டிக்குப் போனாள். மண்டிக்காரர் கல்லாவிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். நடந்ததை ஒன்று விடாமல் சொல்லி, "தப்பு என்னோடது, அவரைத் திரும்ப ஏத்திவிடுங்க" என்று கேட்டாள்.

"புதுசா வந்தவனும் புள்ளகுட்டிக்காரன்மா. அவனை எப்படி எறக்கறது?" என்றார் அவர். "வேணும்னா மத்தியானம் மிச்சம் மீதிக்கு ஒரு சின்ன ஏலம் போடறோம். அதை இவரு கூவட்டும்." அவர் கொடுத்தது அவ்வளவுதான்.

ஏலக்காரர் சாக்கு ஊசியும் கையுமாக வந்து நின்றார். மத்தியான ஏலம் என்று கேட்டதும் தலையாட்டிக்கொண்டார்.

"பல்லு கச்சிதமா இருக்கும்மா. அதுல ஒரு குத்தமும் சொல்ல மாட்டேன்" என்றார் அவளிடம். "கோவமும் இருக்கு. அதையும் இல்லேன்னு சொல்ல மாட்டேன்."

"எங்கயாவது குத்துதுன்னா வாங்கய்யா."

"குத்துச்சுன்னா அந்தத் தம்பிகிட்ட பாத்துக்கறேன்."

அவர் சாக்குக் குவியலுக்குத் திரும்பிப் போனார். உருளைக்கிழங்கு வண்டி ஒன்று பின்பக்கமாக உள்ளே வர, "ஓரம்மா, ஓரம்" என்று யாரோ கத்தினார்கள். அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டு வண்டிக்கு வழிவிட்டாள்.