பல்லக்கா தேய்க்காத இடம்

தெருவில் அவளைப் பல்லக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பொய்ப்பல் செய்யும் லேபில் வேலை. யாரோ ஒருவர் நாளைக்குச் சிரிக்க வேண்டிய பற்களைப் பகலெல்லாம் தேய்த்து மெருகேற்றிவிட்டு வீடு வந்தால், பின்னறையில் பழைய காபி மெஷின்கள் காத்திருக்கும். பட்டனை அமுக்குகிற ரகமில்லை. நீளக் கைப்பிடியை இழுத்து இறக்குகிற அந்தக் காலத்து இனம். உடைசல் கடைகளிலும், மூடிப்போன ஹோட்டல்களின் கொல்லையிலும் துருவோடு கிடந்தவை. அவள் கைபட்டுத்தான் மறுபடி கண் திறந்தன.

வேடிக்கை என்னவென்றால், அவள் காபி குடிப்பதில்லை. ஒரு வாய் குடித்தாலும் நெஞ்சு படபடக்கும். ருசி பார்ப்பது பஸ் ஓட்டும் கணவரின் வேலை. அவரோ டீ ஆசாமி.

"எப்படிங்க இருக்கு?"

"சூடா இருக்கு."

"அது கிளாஸைத் தொட்டாலே தெரியுது. ருசி?"

"டீ மாதிரி இல்ல."

அவளுக்கு வேண்டியதும் ருசியல்ல. கைப்பிடியை இறக்கினால் உள்ளே ஸ்பிரிங் சுருங்கும். வெந்நீர் சத்தமில்லாமல் தூளின்மேல் இறங்கும். கையை எடுத்ததும் கைப்பிடி தானாக, தூக்கத்தில் புரளும் ஒருவர் கை உயர்வதுபோல, மெல்ல மெல்ல மேலெழும். அதைப் பார்த்துக்கொண்டிருந்தால் அறைச் சுவர்கள் தள்ளிப்போகும். பித்தளையில் ஜன்னல் வெளிச்சம் வளைந்து நீந்தும். தானும் எடையற்று அதோடு ஏறிக்கொண்டிருப்பாள்.

நாத்தனார் வேலையை விட்டுவிட்டு, பஸ் டெப்போவுக்கு எதிரே காபிக் கடை போட்டாள். "மெஷின் உங்க பொறுப்பு அண்ணி" என்று சொல்லிவிட்டாள். இரண்டு கைப்பிடி வைத்த மெஷின் ஒன்று தயாராகி, கொதித்து, கணவரிடம் 'சூடா இருக்கு' பட்டமும் வாங்கிவிட்டது. மறுநாள் காலை கடைத் திறப்பு.

அன்று மதியம் பாய்லருக்குள் டார்ச் அடித்துப் பார்த்ததுதான் வினையாயிற்று. அடியில் வெள்ளையாகக் கொஞ்சம் சுண்ணாம்புப் படிவம். பழைய பாய்லரின் அடிப்படிவத்தை நோண்டக் கூடாது, செம்பு அரித்த இடங்களை அதுதான் அடைத்துக்கொண்டிருக்கிறது என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொன்னவளே அவள்தான். ஆனால் கறையோடு ஒரு பல்லைக்கூட வெளியே அனுப்பிப் பழகாத கை. எலுமிச்சை உப்பைக் கரைத்து ஊற்றினாள். நுரை சீறி அடங்கியது. உள்ளே செம்பு அதிகாலை வானம் மாதிரி சிவந்து கிடந்தது. அதில் சொக்கிப்போய் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

சூடேற்றியபோது பாய்லர் வியர்த்தது. ஊசிமுனை ஓட்டைகள்.

"சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி" என்றார் கணவர்.

"பழமொழி அப்புறம். ஜன்னலைத் திறங்க."

லேபிலிருந்து பற்றவைக்கும் சாமான்களைக் கொண்டுவந்தாள். மெலிந்த செம்பு; சூடு கூடினால் முழுசாகப் போய்விடும். மூச்சைப் பிடித்துக்கொண்டு, வெள்ளிக் கம்பியை உருக்கி ஓட்டைகளின்மேல் இறக்கினாள். மறுபடி நீர் நிரப்பிச் சூடேற்றினாள். பிரஷர் முள் தன் இடத்துக்கு வந்து நின்றது. ஒரு துளி கசியவில்லை. இரண்டு கைப்பிடிகளும் ஒன்றன்பின் ஒன்றாகக் கனவில்போல எழுந்தன.

மெஷின் ஆறி முடிக்கவும் டெம்போவோடு நாத்தனார் வந்து இறங்கவும் சரியாயிருந்தது.

"என்ன அண்ணி, பாய்லருக்கு மரு முளைச்சிருக்கு?"

"நான்தான் கெடுத்தேன், நானே அடைச்சேன். இப்ப ஒழுகல. இரு, மழமழன்னு ஆக்கிடறேன்." அரம் ஏற்கெனவே அவள் கையில் இருந்தது.

"தேய்ச்சா ஒண்ணும் ஆகாதுல்ல?"

"மேடு தேஞ்சா மறுபடி ஒழுகலாம்" என்றாள், அரத்தைக் கீழே வைக்காமல்.

"அண்ணி, விடிஞ்சா டெப்போவே வந்து நிக்கும். மெஷின் இல்லேன்னா அவங்க முன்னாடி நான் டான்ஸ்தான் ஆடணும்."

"அதுக்கும் கூட்டம் வரும்" என்றார் கணவர்.

"அண்ணா, நீ சும்மா இரு."

அரத்தின் நுனி அந்த மருவைத் தொட்டது. தொட்டபடியே நின்றது. பிறகு அவள் அதைக் கணவரிடம் நீட்டிவிட்டு, நாத்தனார் முன்னால் இரண்டு கைகளையும் நீட்டினாள்.

"பிடிச்சுக்கோ. வண்டில ஏத்தற வரைக்கும் விடாத."

கணவரும் டெம்போக்காரரும் மெஷினைத் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டினார்கள். சாய்ந்த வெயில் பாய்லரின்மேல் விழுந்தது. சிவந்த செம்பில் அந்த வெள்ளி மேடு மட்டும் கரடுமுரடாக மின்னியது. பல்லக்காவின் கைகள் அந்தப் பக்கம் இழுத்தன. நாத்தனார் பிடியை இறுக்கினாள்.