ஊசி மெஷினில் தேறிய பிராந்தி

என்னை அடிப்பதற்கு முன்னால் என் வீட்டுக்காரர் கைக்கடிகாரத்தைக் கழற்றி டிவிக்குப் பக்கத்தில் வைப்பார். கல்யாணத்தில் என் அண்ணன் போட்ட கடிகாரம். அடித்து முடித்து, முகம் கழுவிவிட்டு, மறுபடி கட்டிக்கொள்வார். பதினோரு வருஷமும் இப்படித்தான். பொருளைப் பத்திரமாக வைத்துக்கொள்கிற மனுஷன் என்று அதையும் ஒரு நல்ல குணமாக எண்ணியிருந்தேன். என் புத்தியைச் செருப்பால்தான் அடிக்க வேண்டும்.

வேலம்பாளையத்தில் எங்களுக்கு இரண்டு அறை வாடகை வீடு. சனிக்கிழமை சாயங்காலம் வாரச் சம்பளம் வாங்கிக்கொண்டு வருகிற வழியில் குடிப்பார், வந்து அடிப்பார். நடுவில் என்றைக்காவது குடித்தால் அன்றைக்கும் அடிப்பார். குழந்தை இல்லை என்பதற்கு ஒரு அடி, குழம்பில் புளி தூக்கல் என்பதற்கு ஒரு அடி. வயிற்றிலும் தோளிலும்தான் விழும், முகத்தில் விழாது. ஒரு தடவை மட்டும் கணக்குத் தப்பி உதடு கிழிந்தது. பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டேன் என்று கம்பெனியில் சொன்னேன். எல்லாரும் நம்பினார்கள். நம்பாதவர்களும் நம்பின மாதிரி இருந்துகொண்டார்கள்.

குடிக்காத நாளில் அவர் என்னைத் தொட்டதில்லை. அதனால் எல்லாருடைய பேச்சும் ஒன்றுதான்: நல்ல மனுஷன், அந்தக் கருமம் உள்ளே போனால்தான் ஆள் மாறிவிடுகிறான். என் மாமியார் சொன்னார், என் அண்ணன் சொன்னான், நானும் சொன்னேன். என் கோபம் முழுக்க பாட்டில் மேல் இருந்தது. காலி பாட்டில் கையில் கிடைத்தால் துவைக்கிற கல்லில் போட்டு உடைப்பேன். பொடிப் பொடியாகும்வரை செங்கல்லால் குத்துவேன். ஒரு தடவை சில்லு உள்ளங்காலில் ஏறி இரண்டு வாரம் நொண்டினேன், அதற்கும் பாட்டிலைத்தான் திட்டினேன்.

என் அக்கா மட்டும் மாற்றிப் பேசினாள். அவள் அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறாள். அவள் குடியிருக்கிற காம்பவுண்டிலேயே ஒரு வீடு காலியானது. வந்துவிடு, எங்கள் கம்பெனியிலேயே வேலை சொல்லிவிடுகிறேன் என்றாள். அவர் கெட்டவர் இல்லை, குடிதான் கெட்டது என்று நான் வழக்கம்போலப் பாடினேன். திங்கட்கிழமைக்குள் பதில் சொல், அதற்குமேல் வீட்டு ஓனர் காத்திருக்க மாட்டார் என்று போனை வைத்துவிட்டாள்.

அந்த வாரம்தான் கப்பல் வந்தது.

நானும் என் வீட்டுக்காரரும் பெருமாநல்லூர் பக்கம் ஒரே கம்பெனியில் வேலை செய்தோம். குழந்தைகள் துணி, முழுக்க எக்ஸ்போர்ட். அவர் கட்டிங் மாஸ்டர், நான் பேக்கிங் இன்சார்ஜ். பெரிய ஆர்டர் ஒன்றை நல்லபடியாக அனுப்பி வைத்த சந்தோஷத்தில், முக்கியமான ஆட்களை ஜோடியாகச் சென்னையிலிருந்து கப்பலில் கூட்டிப்போவதாக முதலாளி சொன்னார். வெள்ளிக்கிழமை ஏறினால் ஞாயிற்றுக்கிழமை இறங்கலாம். டூர் ஏஜென்ட் ஒருவர் கேன்டீனுக்கு வந்து விதிகளைப் படித்துக் காட்டினார். யாரும் சொந்தமாகச் சாராயம், பிராந்தி, பீர் எதுவும் கொண்டுவரக் கூடாது. துறைமுகத்தில் ஒவ்வொரு பையையும் மெஷினில் விட்டுப் பார்ப்பார்கள். அகப்பட்டால் வாங்கி வைத்துக்கொண்டு ஒரு சீட்டு கொடுப்பார்கள். கடைசி நாள் இறங்கும்போது அந்தச் சீட்டைக் காட்டிக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளலாம். வேண்டுமென்றால் கப்பல் பாரில் குடிக்கலாம் என்றார். உடனே முதலாளி எழுந்து, கப்பலில் நம் ஆட்களுக்குக் கொடுக்கிற கார்டில் பார் கணக்கை அடைத்துவைக்கச் சொல்லியிருப்பதாகச் சொன்னார். ஆண்களின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. இழவு வீட்டில் கூட அவ்வளவு துக்கம் இருக்காது.

எனக்கு மட்டும் நெஞ்சு குளிர்ந்தது. நடுவில் ஒரு சனிக்கிழமை வேறு வருகிறது. மூன்று நாள் சொட்டுக் கூட உள்ளே போகாது. எனக்குள் ஒரு தீர்மானம் போட்டுக்கொண்டேன். இந்த மூன்று நாளில் அவர் கை என் மேல் படவில்லை என்றால் குற்றம் குடியுடையதுதான். எங்கே வைத்தியம் உண்டோ அங்கே கூட்டிப்போய் மாற்றிவிட்டு அவரோடேயே வாழ்ந்துவிடுவேன், அக்காவிடம் மாட்டேன் என்று சொல்லிவிடுவேன். அடித்தால் என்ன செய்வது என்று யோசிக்கவே இல்லை. குடிக்காமல் அடிப்பார் என்று யாராவது சொல்லியிருந்தால் அவர்களோடு சண்டைக்குப் போயிருப்பேன்.

கிளம்புவதற்கு முந்தின நாள் மத்தியானம், சாப்பாட்டு நேரத்தில் பேக்கிங் செக்‌ஷன் காலியாக இருந்தபோது அவர் வந்தார். கட்டைப்பையில் இரண்டு ஃபுல் பாட்டில் பிராந்தி, சீல் உடைக்காதது. எங்களிடம் நீடில் டிடெக்டர் என்று ஒரு மெஷின் உண்டு. தையலில் ஊசி முனை உடைந்து துணிக்குள் தங்கியிருந்தால் கண்டுபிடிப்பதற்கு. பச்சைக் குழந்தை போடுகிற துணியாயிற்றே. ஒவ்வொரு பீஸையும் அதன் பெல்ட்டில் வைத்து விடுவோம். இரும்பு இருந்தால் சிவப்பு விளக்கு எரிந்து, அலறி, நின்றுவிடும். இல்லையென்றால் பச்சை. எங்கள் ஆட்களுக்குத் தெரிந்த சோதனை மெஷின் உலகத்தில் அது ஒன்றுதான்.

குழந்தைகள் பனியனில் சுற்றிப் பாட்டிலை பெல்ட்டில் படுக்க வைத்தார். இந்தப் பக்கம் போய் அந்தப் பக்கம் வந்தது. கண்ணாடியும் அலுமினிய மூடியும் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. பச்சை.

"பாத்தியா? நம்ம மெஷினுக்கே தெரியலீன்னா கப்பக்காரனுக்கு எங்கிருந்து தெரியப்போகுது? நல்லாக் கட்டிக் குடு."

எனக்குத் தெரியும். கேன்டீனில் கூட்டம் கலைந்த பிறகு அந்த ஏஜென்டைத் தனியாகப் பிடித்து, அங்கே இருக்கிற மெஷின் இரும்பைத் தேடுமா என்று கேட்டிருந்தேன். அவர் சிரித்துவிட்டு, பைக்குள் இருக்கிற எல்லாவற்றையும் அது படமாகக் காட்டும், ஊறுகாய் பாட்டில் கூடத் தெரியும் என்று சொல்லியிருந்தார். என் வீட்டுக்காரரிடம் நான் மூச்சு விடவில்லை. ஒரு பாட்டிலுக்கு ஆறு பனியன் சுற்றி, பாலிபேக்கில் போட்டு, காற்றை வெளியேற்றி சீல் வைத்து, அவருடைய நீலப் பையில் சட்டைகளுக்கு நடுவில் வைத்தேன். அவ்வளவு அழகாக, எங்கள் துணியை வாங்குகிற எந்த வெளிநாட்டு பையருக்கும் நான் கட்டியதில்லை. மாட்டட்டும், முதலாளி முன்னால் மானம் போகட்டும், அந்த வெட்கத்திலாவது திருந்தட்டும் என்றுதான் கட்டினேன்.

துறைமுகத்தில் அவருடைய நீலப் பை மெஷினுக்குள் போய் சத்தமில்லாமல் வெளியே வந்தது. அடுத்து வந்த என் சிவப்புப் பையைத்தான் நிறுத்தினார்கள். சீருடை போட்ட ஒரு பெண் அதைத் திறந்து, என் சேலைகளுக்கு அடியிலிருந்து இரண்டு பாட்டிலையும் பனியன் சுற்றோடு எடுத்து மேஜை மேல் வைத்தாள். ரயிலில் நான் தூங்கினபோது மாற்றியிருக்கிறார். பெண்பிள்ளை பையை நோண்ட மாட்டார்கள் என்று கணக்குப் போட்டிருக்கிறார். நீலப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, என்னைத் தெரியாதவர் மாதிரி நாலடி தள்ளி நின்றார்.

யாருடைய பை என்று அந்தப் பெண் கேட்டாள்.

"அவளுதுங்க மேடம். எனக்கு ஒண்ணுந் தெரியாதுங்க."

வரிசையில் கம்பெனி ஆட்கள் மொத்தமும் நின்றார்கள். முதலாளியம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஏனம்மிணி, நீயா?" என்று மட்டும் கேட்டார். என் பெயரில் சீட்டு எழுதினார்கள், நான் கையெழுத்துப் போட்டேன். காது இரண்டும் எரிந்தது. அங்கேயே அவர் சட்டையைப் பிடித்து இழுத்து அறைந்திருக்கலாம். ஆனால் பாட்டில் கரையில் நின்றுவிட்டதே, நான் நினைத்தது நடந்துவிட்டதே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அன்றைக்கு முழுக்க அவர் தங்கம். சாப்பாட்டு மேஜையில் என் தட்டில் ஆம்லெட் எடுத்து வைத்தார். கடலைப் பார்த்து, தண்ணீர் எவ்வளவு நீலம், நம் ஊர் டையிங்காரன் கூட இந்த கலர் கொண்டுவர முடியாது என்றார். நான் உருகிவிட்டேன். பார்த்தாயா, இதுதான் நிஜமான ஆள், மற்றதெல்லாம் பாட்டில் செய்வது என்று மனதுக்குள் அக்காவிடம் வாதாடினேன். சீட்டு விஷயத்தைக் கூட மன்னித்துவிட்டேன் என்றால் பாருங்கள்.

மறுநாள் சனிக்கிழமை. மத்தியானச் சாப்பாடு முடிந்து மேல்தளத்தில் எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். முதலாளி கிண்டலாக, நம் பேக்கிங் இன்சார்ஜ் கட்டியதை எந்த பையரும் திருப்பி அனுப்பியதில்லை, கப்பல்காரன்தான் முதல் தடவையாக ரிஜெக்ட் பண்ணியிருக்கிறான் என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அவர் வாயில் அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது.

"பாட்டிலு என்னுது இல்லீங்க. பேக்கிங் மட்டுந்தான் என்னுது" என்றேன்.

ஒவ்வொருவராகக் கட்டிங் மாஸ்டர் பக்கம் திரும்பினார்கள். முதலாளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். முதலாளியம்மா சிரிக்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் மெதுவாக எழுந்து, தலை வலிக்கிறது, மாத்திரை எடுத்துக் கொடு என்று என்னைக் கூப்பிட்டார்.

எங்கள் அறை ஒரு கட்டிங் டேபிள் அகலம்தான் இருக்கும். உள்ளே வந்ததும் கதவைத் தாழ் போட்டார். சின்ன வட்ட ஜன்னல் வழியாக வெயில் அடித்தது. கண்ணில் சிவப்பு இல்லை, வாயில் வாடை இல்லை, கால் தள்ளாடவில்லை. கைக்கடிகாரத்தைக் கழற்றினார். கட்டில் ஓரத்துப் பலகையில், விழுந்துவிடாதபடி சுவரை ஒட்டி வைத்தார்.

"மாட்டும்னு உனக்கு முன்னமே தெரியும். தெரிஞ்சுதான் கட்டிக் குடுத்த."

"தெரியுங்க" என்றேன்.

முதல் குத்து வயிற்றில். அதே இடம், அதே கை, அதே அழுத்தம். கீழே விழுந்ததும் விலாவில் உதைத்தார். கத்தினால் வெளியே கேட்கும் என்று தலையணையை எடுத்து என் முகத்தில் அமுக்கினார். அதையும் நன்றாக யோசித்துத்தான் செய்தார். மூச்சு அடைத்துக்கொண்டிருந்தபோது எனக்கு நினைப்பெல்லாம் அந்தக் கடிகாரத்தில் இருந்தது. போதையில் நிதானம் தெரியாத மனுஷனுக்குப் பதினோரு வருஷம், ஒரு தடவை கூட விடாமல், கடிகாரத்தைக் கழற்றி வைக்க மட்டும் எப்படி ஞாபகம் இருந்தது? முகத்தை விட்டு வயிற்றைப் பார்த்து அடிக்க எப்படித் தெரிந்தது? குடித்ததால் அவர் அடித்ததில்லை. அடிக்க வேண்டும் என்று தோன்றின நாளில்தான் குடித்திருக்கிறார்.

அந்த நினைப்பு வந்ததும் உடம்பில் எங்கிருந்தோ ஒரு பலம் வந்தது. தலையணையோடு சேர்த்து அவர் விரலைக் கடித்தேன். பல்லில் எலும்பு தட்டும்வரை விடவில்லை. கையை உதறிக்கொண்டு அவர் பின்வாங்கினதும் எழுந்து, கடிகாரத்தை எடுத்துக் கட்டில் கம்பியில் ஓங்கி அடித்தேன். கண்ணாடி தெறித்தது. ஐயோ என்று குனிந்து அதைப் பொறுக்கப் போனார். என்னை உதைத்தபோது வராத ஐயோ அது. வெந்நீருக்காக வீட்டிலிருந்து கொண்டுபோன எவர்சில்வர் ஃப்ளாஸ்க் கைக்கு எட்டியது. தலையைப் பார்த்து வீசினேன், நிமிர்ந்ததால் புருவத்தில் பட்டது. மறுபடி ஓங்கினேன். கையை முகத்துக்குக் குறுக்கே வைத்துக்கொண்டு மூலையில் ஒடுங்கினார். பதினோரு வருஷமாக நான் ஒடுங்கின அதே மாதிரி. இன்னொன்று போடக் கை துடித்தது, பொய் சொல்ல மாட்டேன். செத்துவிட்டால் ஜெயிலுக்கு நான் போக வேண்டும் என்றுதான் நிறுத்தினேன், இரக்கத்தால் இல்லை.

கப்பலில் இருந்த டாக்டர் அவர் புருவத்தில் மூன்று தையல் போட்டார். எப்படிப் பட்டது என்று கேட்டார். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார்.

"பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாருங்க" என்றேன்.

அதற்குப் பிறகு இறங்கும்வரை நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. முதலாளியம்மா தானாக வந்து என் கையைப் பிடித்துத் தன் அறைக்குக் கூட்டிப்போனார். ஒன்றும் கேட்காமல், என் விலாவுக்கு மருந்து தடவிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கரை தெரிந்ததும் போனில் சிக்னல் வந்தது. அக்காவைக் கூப்பிட்டு, அந்த வீடு இன்னும் இருக்கிறதா என்று கேட்டேன். ஏன், என்ன ஆயிற்று என்று எதையும் அவள் கேட்கவில்லை.

"இருக்குது கண்ணு. நேரா இங்க வந்துரு."

வெளியே போகிற வழியில் ஒரு கவுன்டர் வைத்து, பிடித்து வைத்த பாட்டில்களைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர் புருவத்தில் பிளாஸ்திரியோடு முன்னாடியே போய் அங்கே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். சீட்டு யார் பெயரில் இருக்கிறதோ அவரே வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அப்போதுதான் என்னைத் திரும்பிப் பார்த்தார், பார்வையில் அத்தனை பணிவு. நான் சீட்டை நீட்டி, கையெழுத்துப் போட்டு, இரண்டு பாட்டிலையும் வாங்கினேன். சீல் உடையவில்லை, என் பனியன் சுற்றும் குலையவில்லை.

துவைக்கிற கல்லில் நான் உடைத்த அத்தனை பாட்டிலும் ஞாபகத்துக்கு வந்தது. இரண்டையும் அவர் கையில் கொடுத்தேன்.

"இந்தாங்க. இத்தன வருஷமா இதுக மேலதான் பழி போட்டுட்டு இருந்தனுங்க. பாவம், இதுக ஒண்ணுமே பண்ணலீங்க."