‘பிறகு’ என்று அழுத்தினேன்
பத்தாங் பெர்ஜுந்தாய் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. நெட்வொர்க்கைக் கண்காணிக்கும் மென்பொருளிலேயே ஓட்டை இருக்கிறது, உடனே அப்டேட் செய்யுங்கள் என்று அறிவிப்பு வந்தது. படித்துவிட்டு ‘பிறகு’ என்பதை அழுத்தினேன். மூன்று வாரம் அதையே அழுத்தினேன்.

ஒரு காலையில் அந்த ஓட்டை வழியாகவே எவனோ புகுந்து, எடைமேடைக் கணினியைப் பூட்டிவிட்டான். எடை போடாமல் லோரிகள் உள்ளே போக முடியாது. வெயிலில் பழக்குலைகள் கெட்டுக்கொண்டிருந்தன. நான் திரையையே வெறித்துக்கொண்டிருந்தேன்.

வரிசையில் முதலில் நின்ற லோரியில் இருந்தது, ஓட்டி வந்தவரின் சொந்தத் தோட்டத்துப் பழம். அவர் தன் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தை என்னிடம் நீட்டினார்.

“காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடலியே தங்கச்சி. எவனோ செஞ்சதுக்கு நீ என்னா லா பண்ணுவ?”

முழுவதையும் தின்றேன். ‘நான்தான் அண்ணே’ என்று சொல்ல மட்டும் வாய் வரவில்லை.