நாற்பது வெறும் பெட்டிகளும் ஒரு கொட்டாஞ்சேனைப் பயணமும்

போன சனிக்கிழமை கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து மருதானை வழியாகக் கொட்டாஞ்சேனைக்குப் போய் வந்தேன். போகப் பதின்மூன்று கிலோமீற்றர். இதையும் பயணம் என்று எழுத வந்துவிட்டாளா என்று சிரிக்காதீர்கள். சொந்தமாக வீடியோ கேம் செய்து, அதைக் கடையில் வைக்க நினைக்கிறவர்களுக்கு இந்தப் பாதை உதவும். நான் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்தவள். இடியப்பம் அவித்துக் கடைகளுக்குப் போடுகிறேன். கம்ப்யூட்டர் தெரியாவிட்டாலும் கடைக்குச் சாமான் போடுவது எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன்.

எங்கள் மேல் மாடியில் ஜூட் வாடகைக்கு இருக்கிறான். வயது முப்பத்தொன்று, கொட்டாஞ்சேனைப் பிள்ளை. இரண்டு வருடம் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு கேம் செய்தான். வெள்ளவத்தைக் கடற்கரையில் நிற்கும் ஒரு காகம், ரயில் வருவதற்குள் ஆட்களின் கையிலிருக்கும் மீன் ரோல்ஸைத் தூக்க வேண்டும். தும்புத்தடியோடு காகத்தைத் துரத்தும் குண்டுப் பெண் ஒருத்தியும் வருவாள். அது நானில்லை என்று சத்தியம் செய்கிறான். அவள் போட்டிருக்கும் சட்டை மட்டும் என்னுடையது.

கேமை இணையக் கடை ஒன்றில் போட்டான். நூற்றுக்கு முப்பது கடைக்கு, மிச்சம் இவனுக்கு. போலந்திலும் பிரேசிலிலும் யார் யாரோ வாங்கினார்கள். கொட்டாஞ்சேனையில்தான் யாருக்கும் தெரியாது. பிரச்சினையும் அங்கேதான். ஜூட் கட்ட விரும்பும் ஷாமினி கொட்டாஞ்சேனைப் பெண். அவளுடைய அப்பா மரியதாஸ், துறைமுகத்தில் முப்பது வருடம் பெட்டி எண்ணி ஓய்வு பெற்றவர். "என்ன விக்கிறான்? கடையில காட்டச் சொல்லு, பாப்போம்" என்று மகளிடம் சொல்லிவிட்டார். கடையில் இல்லாத பொருள் அவருக்குப் பொருளே இல்லை.

அவர் தினமும் பதினொன்றரைக்குப் போய் இருந்து கதைக்கும் இடம், செல்வம் என்பவருடைய கம்ப்யூட்டர் சாமான் கடை. கேமை வைக்க அலுமாரியில் ஒரு தட்டுத் தருகிறேன் என்றார் செல்வம். நூற்றுக்கு நாற்பது அவருக்கு, விற்காததைத் திருப்பித் தருவார். சரி, மருதானை அச்சகம் ஒன்றில் நாற்பது பெட்டி அடிக்கக் கொடுத்தோம். உள்ளே வட்டு கிடையாது, இப்போதைய லப்டொப்பில் வட்டுப் போட வாயே இல்லை. பெட்டிக்கு ஒரு இலக்கம் உண்டு. அதை இணையக் கடையில் அடித்தால் கேம் இறங்கும். ஒரு இலக்கம் ஒரு தரம்தான் வேலை செய்யும்.

காலை 8.20க்கு நானும் ஜூட்டும் வெள்ளவத்தையில் ரயில் ஏறினோம். மூன்றாம் வகுப்பு, ஆளுக்கு நாற்பது ரூபாய். இருக்க இடம் தேடாதீர்கள், கதவோரம் கடல் காற்று இலவசம். 8.55க்கு மருதானை. அச்சகத்தில் ஒரு மணி நேரம் காக்க வைத்தார்கள். 10 மணிக்கு ஓட்டோ பிடித்தோம், மூன்று கிலோமீற்றருக்கு ஐந்நூறு ரூபாய். டிரைவர் ஒரு பெட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஹிஸ் நே, அக்கே?" என்று கேட்டான். வெறும் பெட்டிதானே என்கிறான். ஓம் தம்பி, அதுக்குத்தான் உன்னைப் பிடித்தோம் என்று சிங்களத்தில் சொன்னேன். கொட்டாஞ்சேனை வரும்வரை கண்ணாடியில் எங்களையே பார்த்துக்கொண்டு வந்தான்.

10.20க்குக் கடைக்குள் போனோம். செல்வம் ஒரு பெட்டியைத் திருப்பிப் பார்த்து, மெதுவாக மேசையில் வைத்தார்.

"அக்கா, நம்பர் வெளியிலயே இருக்கு. தட்டுல வச்சா நாப்பது பேர் போட்டோ எடுத்துட்டுப் போயிருவாங்க."

ஜூட் என்னைப் பார்த்தான். இலக்கத்தை எங்கே போடுவது என்று அச்சகத்திலிருந்து கேட்டபோது ஜூட் நித்திரை, பதில் சொன்னவள் நான். உள்ளே இருப்பதை வெளியில் எழுத வேண்டும் என்பது சாப்பாட்டுப் பார்சல் கட்டுகிறவளின் அறிவு. வெளியில், பெரிதாக, என்று சொல்லியிருந்தேன்.

இப்படியே தட்டில் வைக்க மாட்டேன் என்று செல்வம் கைவிரித்தார். அவருடைய விலைச் சுருளிலிருந்து வெள்ளை ஸ்டிக்கர்களைக் கிழித்து இலக்கத்தின் மேல் ஒட்டத் தொடங்கினோம். அரை மணி நேரத்தில் ஒன்பது பெட்டி. அப்போது பார்த்து மரியதாஸ் ஐயா பதினொன்றுக்கே வந்து நின்றார். ஒரு பெட்டியை எடுத்தார், காதருகே வைத்துக் குலுக்கினார்.

"உள்ள என்ன, மகன்?"

எனக்கு நாலு பொய் வாயில் வந்தது. விழுங்கிவிட்டேன்.

"ஒண்ணும் இல்ல அங்கிள். வெறும் பெட்டி. நம்பர்தான் சாமான்" என்றான் ஜூட்.

அவர் ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் கிளப்பினார். அது சுலபமாகக் கழன்று வந்தது.

"முப்பது வருஷம் பெட்டி எண்ணினேன். ஒண்ணையும் தொறந்து பாத்தது இல்ல. ஆனா சீல் பாக்காம ஒண்ணையும் விட்டதும் இல்ல."

கடை முத்திரையைக் கொண்டுவரச் சொன்னார். மை பாதி ஸ்டிக்கரில், பாதி பெட்டியில் விழ வேண்டுமாம். யாராவது கழற்றி ஒட்டினால் கோடு பொருந்தாது. ஜூட் ஒட்ட, அவர் குத்த, நான் அடுக்க, 12.15க்கு நாற்பதும் தட்டில் ஏறின. முதல் பெட்டியை அவரே வாங்கினார். எண்ணூறு ரூபாய், பில் எழுதச் சொல்லி வாங்கினார். வெளியே போகும்போது என்னிடம், "நாளைக்கு மத்தியானம் சாப்பிட வாங்க, தம்பியையும் கூட்டிக்கிட்டு" என்றார்.

இந்தப் பாதையில் போகிறவர்களுக்கு: இலக்கத்தைப் பெட்டிக்குள் போடுங்கள். அச்சகத்தார் கேட்கும்போது நித்திரை கொள்ளாதீர்கள். ஸ்டிக்கரும் முத்திரையும் கையோடு இருக்கட்டும். பதினொன்றரைக்கு வருகிறவர் என்று யாரையும் நம்பாதீர்கள். வியாபாரம் என்று பார்த்தால் இணையக் கடைதான் லாபம். இந்த ஒரு வாரத்தில் அங்கே ஒன்பது போயிருக்கிறது, செல்வத்தின் தட்டில் நாலு. அந்த ஒன்பதையும் வாங்கியவர்களில் யாரும் எங்களைச் சாப்பிடக் கூப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டிறைச்சிக் கறியும் சோறும். மரியதாஸ் ஐயா பெட்டியை ஷோகேஸில், நல்ல கோப்பைகளுக்கு நடுவில் வைத்திருக்கிறார். சீலை உடைக்க ஷாமினிக்கே அனுமதி இல்லை. உடைக்காத பெட்டியைத்தான் கடைக்காரன் திருப்பி எடுப்பான், அதனால்தான் பத்திரமாக வைத்திருக்கிறார் என்று திரும்பி வரும் வழியில் ஜூட்டிடம் சொன்னேன். பிள்ளை இன்னும் சிரிக்கவில்லை.