ரபாயேலின் ஒட்சிசன் தொட்டி

மாத்தளைக்கு அருகே பலாபத்வலயில் வெல்டிங் கடை வைத்திருந்த ரபாயேல், ஞானஸ்நானப் பதிவின்படி 1941இல் ஒரு தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். 1983 ஜூலை இனக்கலவரத்தில் அவரது கடையைக் கொளுத்தினார்கள். கருகிய இரும்பைத் தேய்த்தெடுத்து, அதே இடத்தில் மறுபடி கடை போட்டார். 1989இல் அவரது கவலை கடையைப் பற்றியதன்று. மனைவி அஞ்சலாவின் சிறுநீரகங்கள் செயலிழந்துகொண்டிருந்தன.

அவளுக்கு நீண்டகால நீரிழிவு. கால்கள் வீங்கின, பாதத்துப் புண் ஆறவேயில்லை. அவளது சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி வெல்டிங் சுடரில் காய்ச்சிப் பார்ப்பது ரபாயேலின் காலை வேலையாயிற்று. வெள்ளையாகத் திரிந்தால் புரதம் கசிகிறதென்று பொருள். வாரத்துக்கு வாரம் கூடுதலாகத் திரிந்தது.

மாத்தளையில் அவளைப் பார்த்த டொக்டர் எதையும் ஒளிக்கவில்லை.

"சீனி கூடக் கூட கிட்னிக்கு மூச்சு முட்டும், ரபாயேல். ஒக்சிஜன் பத்தாம, சீனிய அரைகுறையா எரிச்சு அமிலமாக்கும்."

"அப்ப ஒக்சிஜன் குடுத்தா சரியாயிடுங்களா?"

"கடல்ல முங்குறவங்களுக்கு அழுத்தத் தொட்டின்னு ஒண்ணு இருக்கு. அதுக்குள்ள வச்சுக் குடுத்தா சில பேருக்குப் புண்ணு ஆறுது. கிட்னிக்கு என்ன செய்யும்னு யாருக்கும் தெரியாது."

கடைசி வாக்கியம் ரபாயேலின் மனதில் தங்கவில்லை. ஒட்சிசன் சிலிண்டர் அவரிடம் இருந்தது; இரும்பைக் காற்றுப் புகாமல் ஒட்டவும் தெரியும். தேயிலைத் தொழிற்சாலை கழித்துப்போட்ட நீராவிப் பொய்லர் ஒன்றை வாங்கிவந்து, கதவும் அழுத்தமானியும் பார்க்கக் கண்ணாடியும் பொருத்தினார். அவள் பயப்படாதிருக்க உள்ளே ஒரு சிறிய பல்ப். கிளர்ச்சிக்காரரும் அரசின் ஆட்களும் மாறிமாறிக் கொல்ல, அலுவிகாரைப் பக்கம் தெருவோரத்தில் உடல்கள் டயரோடு எரிந்துகிடந்த மாதங்கள் அவை. அந்த நாற்றத்தினூடே நடந்துவந்துதான் தினமும் வேலை செய்தார்.

தொட்டி முடிந்த அன்று பிற்பகல் அஞ்சலாவை உள்ளே படுக்கவைத்துக் கதவைப் பூட்டி, ஒட்சிசனை மெல்லத் திறந்தார். அப்போது முகத்தைத் துணியால் மூடிய நால்வர் துப்பாக்கிகளோடு கடைக்குள் நுழைந்தனர். எந்தப் பக்கத்தார் என்று கேட்கும் துணிவு அந்த ஆண்டில் எவருக்கும் இல்லை.

"பாஸ், எங்களுக்குக் குழாய்த் துவக்கு செஞ்சு தரணும்" என்றான் ஒருவன் சிங்களத்தில், தன் துப்பாக்கியைத் தட்டிக்காட்டி.

"எனக்கு அது தெரியாதுங்க, மாத்தயா."

"இதுக்குள்ள என்ன? குண்டா?"

"என் பொஞ்சாதி."

"பொஞ்சாதிய அவிச்சுத் திங்கப் போறியா?" என்று சிரித்தவன், கண்ணாடியில் மங்கலாகத் தெரிந்ததை நன்றாகப் பார்க்கத் தீக்குச்சியை உரசப் போனான். ஒட்சிசன் திறந்திருந்தது.

ரபாயேல் ஸ்பேனரால் அவன் கையில் ஓங்கி அடித்தார். விரலெலும்பு முறிந்தது. துப்பாக்கிப் பிடிகள் அவரது முகத்திலும் விலாவிலும் இறங்கின. பின்னர் இருவர் அவரது வலக்கையைப் பட்டறைக் கல்லில் அழுத்திப் பிடிக்க, மூன்றாமவன் சுத்தியலால் மூன்று முறை அடித்தான்.

"எங்களுக்குச் செய்யாதவன் அவங்களுக்கும் செய்யக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அவர் இடக்கையால் வால்வை மூடிக் கதவைத் திறந்தார். தவழ்ந்து வெளியே வந்த அஞ்சலாவின் உடல் நெற்றி முதல் பாதம் வரை பளபளத்தது.

"என்னடி பூசியிருக்க?"

"வஹகோட்டை அந்தோனியார் எண்ணெய். அத வைக்காம இந்தச் சவப்பெட்டிக்குள்ள எப்பிடிங்க படுக்கிறது?"

"எண்ணெ கூடவே கூடாதுன்னு எத்தன தடவ சொன்னேன்!"

"கிரீஸு, டீசலத்தானே சொன்னீங்க? இது கோயில் எண்ணெய்."

அவர் அவளை அறைந்தார். அழுத்தம் ஏறிய ஒட்சிசனில் எண்ணெய் எப்படிப் பற்றும் என்பது தொழிலில் அவர் கண்டது. பல்பிலிருந்து ஒரு பொறி போதும். நால்வரும் வராதிருந்தால் அவர் வால்வை முழுதாகத் திறந்திருப்பார்.

"சோப்புப் போட்டுக் குளிச்சிட்டு வாரேன்" என்று அவள் அவரது சட்டையைப் பற்றினாள். "மறுபடி வைங்க. எனக்குச் சாக வேணாங்க."

"முடியாது. என் கையால ஒன்னக் கொளுத்த மாட்டேன்."

"அப்ப இந்தக் கிட்னி நோய் என்னத் தின்னட்டுமா? அதுவும் நீங்க கொல்றதுதானே?" என்று அவரது உடைந்த விலாவில் குத்தினாள்.

அவர் தடுக்கவில்லை. குத்தி ஓய்ந்து அவள் தரையில் அமர்ந்ததும், அதே சுத்தியலை இடக்கையில் எடுத்து அழுத்தமானியை, கண்ணாடியை, கதவின் கீலை அடித்து நொறுக்கினார்.

அஞ்சலா 1990 பெப்ரவரியில், நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத்திணறி இறந்தாள். அந்த நாளுக்குப் பிறகு கடைசிவரை அவரோடு பேசவில்லை.